கிராங்க் முடிந்துவிட்டது என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள்: பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய லேண்ட் ரோவரோ மிட்சுபிஷி ஜீப்போ வைத்துக்கொண்டு, என்ஜினைச் செய்வதா மாற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மலையகத்து உறவுகள், கராஜுக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏழு இலட்சம் ரூபாயும் அப்பாவின் என்ஜினும் என் கையைவிட்டுப் போய்விட்டன.

எங்களுடையது 1968ஆம் ஆண்டு லேண்ட் ரோவர், சீரிஸ் 2ஏ, 2.25 லீற்றர் டீசல். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமாருக்கு ஓடிய வண்டி. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்த பிறகு இரண்டு மூன்று கை மாறி, 1986இல் அப்பாவிடம் வந்தது. கந்தப்பளையில் எங்கள் மரக்கறித் தோட்டத்துக்கு லொறி ஏறாது. லீக்ஸும் கரட்டும் மூட்டை மூட்டையாக அந்த ஜீப்பில்தான் வீதிக்கு இறங்கும். அப்பா காலமாகி ஆறு வருடங்கள். அதற்குப் பிறகும் வண்டி ஒரு நாள் படுக்கவில்லை.

கடந்த ஆண்டு ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலைகளில், வண்டி கிளம்ப அடம்பிடித்தது. இரண்டு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். வந்ததும் வெள்ளைப் புகை, மேட்டில் ஏறினால் கறுப்புப் புகை. எண்ணெயும் கொஞ்சம் குடித்தது. கண்டிப் பக்கம் பெயரெடுத்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். விவகாரம் இப்போது மத்தியஸ்த சபையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

அங்கே பாஸ் (கராஜின் மேஸ்திரி) செய்த சோதனை இவ்வளவுதான்: என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, வெளியே வந்த புகையை எனக்குக் காட்டினார். "தம்பி, இது முடிந்த என்ஜின். ஆனாலும் அப்பாவின் வண்டி என்கிறீர்கள், செய்து பார்க்கலாம்" என்றார். ஓவர்ஹோலுக்கு இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் பேசி, ஒரு இலட்சம் முற்பணம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஏற்கெனவே கடைசி அளவு வரை கிரைண்ட் செய்யப்பட்டுவிட்டது, அதாவது கடைந்து மெலிதாக்கப்பட்டுவிட்டது, இனி அதில் கை வைக்க முடியாது, போரும் (பிஸ்டன் ஓடும் துளை) தேய்ந்து எல்லை தாண்டிவிட்டது, சாமான் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும் என்றார். "ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா 2எல் டீசல் என்ஜின் ஒன்று கைவசம் இருக்கிறது. ரீகண்டிஷன் செய்தது. நாலு முக்கால் கொடுங்கள், அடுத்த கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். பழைய என்ஜினை இரும்பு விலைக்கு நாற்பதாயிரமாகக் கழித்துக்கொள்கிறேன்." லீக்ஸ் அறுவடைக் காலம். தொலைபேசியிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

மிச்சப் பணத்தின் ஒரு பகுதியைக் கட்டப் போனபோது அப்பாவின் என்ஜின் பிரிந்து கிடந்தது. மண்ணெண்ணெய்த் தட்டில் பழைய கிராங்க் பேரிங்குகள், அரை வட்டத் தகடுகளாகக் கிடந்தன. அப்பா ஓட்டிய வண்டியின் பொருள் என்பதால் இரண்டை எடுத்துப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, பால்மா டின் ஒன்றில் போட்டு வைத்தேன். பாஸ் அதைக் கவனிக்கவில்லை.

நாலே முக்கால் இலட்சம் என்பது வெறும் என்ஜினுக்கு மட்டும் சொன்ன விலை. லேண்ட் ரோவர் கியர்பெட்டியோடு டொயோட்டா என்ஜினைச் சேர்க்க அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர் குழாய், கிளச், வயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வந்தது. வண்டி வெளியே வந்தபோது ஏழு இலட்சத்து இருபதாயிரம். கிளச்சை விடும்போதெல்லாம் வண்டி முழுக்க உதறியது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள்.

நான்கு மாதம் ஓடியது. கம்பளையிலிருந்து உரம் ஏற்றிக்கொண்டு வரும்போது, றம்பொடைக்கு மேலே வளைவில் டக் என்று ஒரு சத்தம். அதோடு என்ஜின் செத்தது. பின்னால் இ.போ.ச. பஸ் வந்துகொண்டிருந்தது. உதவிக்கு வந்த பையன் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்ததால் இதை எழுத நான் இருக்கிறேன்.

டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைக் கிராங்க்கோடு சேர்த்து ஓட்டும் பட்டி, அறுந்திருந்தது. 2எல் நல்ல என்ஜின்தான், குறை அதில் இல்லை. ஆனால் அது பெல்ட்டில் ஓடுவது. அந்தப் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். எனக்கும் அதுதான் நடந்தது. ரீகண்டிஷன் என்று விற்ற என்ஜினின் பெல்ட்டைக்கூட அவர்கள் தொடவில்லை. வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் விரல் கனத்துக்குப் பழைய எண்ணெய் அழுக்கு. அழுக்கைத் துடைக்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். போல்ட்டுத் தலைகளில் சாவி பட்ட அடையாளமே இல்லை.

இராகலையில் பிட்டர் மாமா என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க என்ஜின் பார்த்தவர், அப்பாவின் கூட்டாளி. அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். பால்மா டின்னை நீட்டினேன். அவர் ஒரு தகட்டை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சின்னதாக மூன்று ஆங்கில எழுத்துகள்: எஸ், டி, டி. ஸ்டாண்டர்ட்.

"இந்தக் கிராங்க்கை யாருமே கிரைண்ட் செய்ததில்லை, மகனே" என்றார்.

கிரைண்ட் செய்த கிராங்க்குக்கு அந்த அளவு பேரிங் போட்டால்தான் பிடிக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது என்று அந்த எண் பேரிங்கின் முதுகில் அடிக்கப்பட்டிருக்கும். எங்கள் கிராங்க் 1968இல் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே இருந்தது. இன்னும் இரண்டு முறையாவது கிரைண்ட் செய்து ஓட்டியிருக்கலாம்.

காலையில் கிளம்பாததற்கும் மாமா காரணம் சொன்னார். அந்த டீசல் என்ஜினில், குளிரில் கிளம்புவதற்குச் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்கும் ஒரே வரிசையாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைக்கப்பட்டவை. ஒன்று எரிந்துபோனால் நான்கும் சூடாகாது. உறைபனிக் காலையில் அந்த என்ஜின் பிறகு எப்படிக் கிளம்பும்? மேட்டில் வந்த கறுப்புப் புகைக்கு டீசல் பம்பைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிந்த இடம். கீழ்நாட்டு அளவுக்கு டீசல் விட்டால் இங்கே எரியாமல் கறுப்பாகத்தான் வரும். என்ஜினில் தேய்மானமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ரிங்கும் பேரிங்கும் மாற்றும் வேளை வந்திருந்தது. பேசிய இரண்டு எண்பதுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆகவே என்ஜினைப் பிரிக்கும் அன்று வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பேரிங்கின் முதுகை நீங்களே பாருங்கள். போரை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, குறுக்கும் நெடுக்குமாக அளந்து எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "தேய்ந்துவிட்டது" என்ற சொல்லை ஏற்காதீர்கள், எவ்வளவு என்று கேளுங்கள். கிராங்க்கை நீங்களே தூக்கிக்கொண்டு வேறொரு லேத் பட்டறைக்குப் போய் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்று என்ஜின் விற்காதவனுக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. புளொக்கில் வெடிப்பு உண்டா என்று அழுத்தச் சோதனை செய்யுங்கள். வெடிப்பு இருந்தாலோ, கிராங்க் உண்மையாகவே கடைசி அளவைத் தாண்டியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். 1980க்கு முந்திய 2.25 டீசல்களில் கிராங்க்கைத் தாங்குவது மூன்று மெயின் பேரிங்தான், பிறகுதான் ஐந்தாக்கினார்கள். பழையவற்றில் கிராங்க் முறிந்த கதைகளும் உண்டு. அப்போதும் அதே இன என்ஜின் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். வேறு என்ஜின்தான் என்றால் பிளேட்டிலிருந்து வயர் வரை முழுத் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நமக்கு வேறு வழியில்லை, பழைய வண்டியைத்தான் கட்டி அழ வேண்டும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, இது என்னை இன்னும் உறுத்துகிறது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருப்பது பழைய என்ஜினின் இலக்கம். என்ஜின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். புதிய என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடதாசி வேண்டும். எனக்குத் தந்த பற்றுச்சீட்டில் "என்ஜின் 1" என்று மட்டும் இருந்தது. இலக்கம் இல்லை, இறக்குமதி ஆவணம் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம் என்று பார்த்தால், மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது சட்டம். எனக்கு நான்கு மாதம் கடந்திருந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அன்றைக்கே அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

பழைய என்ஜினைத் திருப்பிக் கேட்டேன். "அது அப்போதே விற்றுப் போய்விட்டது" என்றார் பாஸ். இரும்பு என்று நாற்பதாயிரத்துக்கு எடுத்ததை யார், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அது எங்கேயோ ஒரு ஜீப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். அதன் ராக்கர் மூடியில், எண்ணெய் ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில், அப்பா உளியால் கொத்திய "மு" என்ற எழுத்து இருக்கும், கொம்பு கொஞ்சம் கோணலாக. வாங்கியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கொடுத்த விலையைக் கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன். அப்படியொரு மூடியைக் கண்டவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.