வாதத்தைப் பலவீனப்படுத்தும் கேள்வி: முன்கூட்டி யோசிப்பதா, தெரிவுகளைக் கழிப்பதா?

ஒரு வாதத்தைக் கொடுத்து, ஐந்து விடைத் தெரிவுகளில் எது அதைப் பலவீனப்படுத்தும் என்று கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்து ஜிமேட் (முகாமைத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதத் தயாராகும் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். இரு முறைகளையும் ஒரே வாதத்தில் வைத்துப் பார்ப்போம்: அமிர்தகழியில் ஒரு கடை புதுப் பெயர்ப்பலகை மாட்டியது, அந்த வாரம் விற்பனை இரட்டித்தது, ஆகவே பலகையே காரணம்.

முன்கூட்டி யோசிப்பவர், தெரிவுகளைப் பார்க்குமுன்பே ‘வேறு காரணம் உண்டா?’ என்று கேட்பார். அதே வாரம் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா என்ற தெரிவைக் கண்டதும் பிடித்துக்கொள்வார்.
கழிப்பவர் ஐந்தையும் படித்து, ‘பலகைக்கு அதிகம் செலவானது’ போன்ற, முடிவைத் தொடாதவற்றை நீக்குவார்.

நேரம்: மொழிப் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். முன்யோசனையே மிச்சம் பிடித்துத் தரும்.
பழகுவது: கழித்தல் எளிது.
பொறி: கழிப்பவர், வாதத்தை வலுப்படுத்தும் தெரிவில் விழுந்துவிடுவார். முன்கூட்டி யோசிப்பவரோ, தான் நினைத்தது அங்கே இல்லையென்றால் திகைப்பார். பலகை மாட்டாத பக்கத்துக் கடைகளிலும் விற்பனை இரட்டித்தது என்று வந்தால்? அதுவும் விடைதான். வாதம் சுக்குநூறாக வேண்டியதில்லை (பலரும் அதைத்தான் தேடுகிறார்கள்). முடிவின் மீது ஐயம் எழுந்தால் போதும்.

காரணம், விளைவு பேசும் வாதங்களுக்கு என் தெரிவு முன்யோசனைதான். சுற்றிவளைத்த திட்டங்களிலும் கணிப்புகளிலும் ஓட்டை கண்ணில் படாவிட்டால், தயங்காமல் கழிக்கத் தொடங்குங்கள்.