கண்ணால் பார்த்து இறங்குவதா, ஆட்டோபைலட்டா: ஏ320-இல் 11 ஆண்டுகள்

ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. ஆட்டோபைலட்டை நான் குறை சொல்ல மாட்டேன். டெல்லியின் ஜனவரி மூடுபனியில், ஓடுபாதையே தெரியாத காலையில், விமானத்தைப் பத்திரமாகத் தரையில் வைப்பது அதுதான். நள்ளிரவில், களைப்பில், கடல் பக்கமிருந்து இருட்டுக்குள் இறங்கும்போதும், ஓடுபாதைக்கு ரேடியோ அலையில் வழிகாட்டும் ஐஎல்எஸ்தான் எனக்குத் துணை. ஆனால் பகலில் வானம் தெளிவாக இருந்து விஷுவல் அப்ரோச், அதாவது ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்கும் அனுமதி, கிடைத்தால் கையால்தான் இறக்குவேன். ஓட்டாமல் விட்டால் கை மறந்துவிடும்.

எனக்குப் பயம் ரெண்டுங்கெட்டான் நிலையில்தான். பாதி மெஷினிடம், பாதி என்னிடம் என்று இருக்கும்போது வேகத்தை யார் பார்ப்பது என்பது நழுவிவிடுகிறது.

மூன்றாவது ஆண்டில் ஒரு மாலை. ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் கோடு காட்டும் ஃப்ளைட் டைரக்டரை என் பக்கத்தில் அணைத்தேன். கேப்டன் பக்கத்தில் இருந்தது அணையவில்லை, இருவருமே கவனிக்கவில்லை. இரண்டும் அணைந்தால்தான், எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைப் பிடிக்கும் நிலைக்கு மாறும். ஒன்று அணையாததால் அது ஓப்பன் டிசென்ட் என்ற இறங்கு நிலையிலேயே நின்று எஞ்சினை ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், வைத்திருந்தது. என் கண்ணோ, இறங்கும் கோணம் சரியா என்று ஓடுபாதை ஓரத்தில் காட்டும் பாப்பி விளக்குகளில்: இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு, பாதை பிசகவே இல்லை. ஏ320-இல் ஆட்டோத்ரஸ்ட் என்ன செய்தாலும் த்ரஸ்ட் லீவர் நகராது, அதனால் கைக்கும் எதுவும் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் ஏறவில்லையே என்று காதுதான் முதலில் சொன்னது. பார்த்தால் வேகம் 4 நாட் (மணிக்குச் சுமார் 7 கி.மீ.) குறைவு, உயரம் 1000 அடிக்குக் கீழே. உடனே கோ-அரவுண்ட், இறங்காமல் மீண்டும் மேலே ஏறினோம்.

1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் நடந்ததும் இப்படித்தான் தொடங்கியது. இந்தியன் ஏர்லைன்ஸ் 605, தெளிவான பகல், விஷுவல் அப்ரோச். ஒரு ஃப்ளைட் டைரக்டர் அணைந்தது, மற்றது அணையவில்லை. எஞ்சின் ஐடிலிலேயே இருக்க வேகம் கரைந்தது. விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் போய்விட்டார்கள். பயிற்சியில் படித்த பாடம்தான். அன்றைய மாலைக்குப் பிறகுதான் உறைத்தது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214-க்கும், விமானம் போயிங் 777 என்றாலும், வேகத்தை ஆட்டோத்ராட்டில் (ஆட்டோத்ரஸ்டுக்குப் போயிங்கில் உள்ள பெயர்) பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் எமனாக வந்தது.

அப்புறம் என் பழக்கமே மாறியது. விஷுவல் என்றாலும் ஐஎல்எஸ் இருந்தால் போட்டு வைப்பேன். தரைவேகம் 140 நாட் என்றால் அதில் பாதியைப் பத்தால் பெருக்கி, நிமிடத்துக்கு 700 அடி இறங்குகிறேனா என்று பார்ப்பேன். பார்வை ஓடுபாதை, வேகம், ஓடுபாதை என்று மாறிக்கொண்டே இருக்கும். "ஃப்ளைட் டைரக்டர் ரெண்டும் ஆஃப்" என்று வாய்விட்டுச் சொல்லி, ஆட்டோத்ரஸ்ட் வேகத்தைப் பிடிக்கிறது என்று காட்டும் 'ஸ்பீட்' என்ற எழுத்து திரையின் மேல் ஓரத்தில் வந்ததைப் படித்த பிறகுதான் வெளியே பார்க்கிறேன்.