முல்லைத்தீவு வீதி அகலிப்பு: ஏ34 ஆ, ஏ35 ஆ?

கண்டி–யாழ்ப்பாண வீதியான ஏ9 இலிருந்து முல்லைத்தீவு நகருக்கு வர இரண்டு பெரிய வீதிகள். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக வருவது ஏ34. பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக வருவது ஏ35. இரண்டுமே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அகலிப்பு என்று கதை வந்தாலே "நாலு வழியாக (நாலு வாகனத் தடமாக) போடுங்கோ" என்கிறார்கள். எதை, எந்த இடத்தில் என்று கேட்டால் பதில் இல்லை.

ஏ34 ஐ எடுங்கள். வவுனியாவுக்குப் போகிற நோயாளிக்கும் மீன் லொறிக்கும் வசதிதான், சரி. ஆனால் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் பெரும்பாலும் காடு, அங்கே நெரிசலே கிடையாது. நெரிசல் பிடிக்கிற முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கமோ கடையும் வளவும் வீதியோடு ஒட்டிக் கிடக்கின்றன, சனத்தின் காணியை எடுக்காமல் அகலிக்க முடியாது. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் கூட்டத்தைக் காட்டி வாதாடுவதும் எடுபடாது, ஒரு பொங்கலுக்காக வருடம் முழுக்க நாலு வழியா?

ஏ35 இன் நோய் வேறு. அங்கே வழியை மறிப்பது வட்டுவாகல் பாலம். நந்திக்கடல் என்ற கடல்நீரேரிக்குக் குறுக்கே தாழ்வாக, ஒரு நேரத்தில் ஒரு வாகனம் போகிற அகலத்தில் கட்டியது. மாரியில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்து நீர்மட்டம் ஏறினால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயும். புதிய பாலத்துக்கான வேலையை 2025 செப்டெம்பரில் தொடக்கி வைத்தார்கள். அது முடியாமல் இரண்டு பக்கமும் எவ்வளவு அகலித்தாலும், வாகனங்கள் வேகமாக வந்து பாலத்தடியில் வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

அப்புறம் சந்திகள். மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் மேம்பாலம் கேட்பது எனக்கு வீண் ஆசையாகத்தான் படுகிறது, தூணும் ஏற்றமும் வந்தால் சந்திக் கடைகள் இருட்டில் போகும். சுற்றுவட்டம் மலிவு. சாதாரண நாற்சந்தியில் வாகனங்கள் ஒன்றையொன்று வெட்டவோ மோதவோ கூடிய புள்ளிகள் 32, ஒற்றைத் தடச் சுற்றுவட்டத்தில் 8. வேகமும் தானாகக் குறையும். ஆனால் இரவில் ஏ9 இல் பறந்து வருகிற சொகுசு பஸ்களுக்கு நல்ல வெளிச்சம் இல்லாத சுற்றுவட்டம் பெரிய ஆபத்து, விளக்குக்குக் காசு இல்லையென்றால் வலது பக்கம் திரும்புவதற்குத் தனித் தடம் ஒன்று போடுவதே புத்தி.

என் வரிசை: முதலில் பாலம், பிறகு சந்திகள், மூன்றாவதாக இரண்டு வீதிகளுக்கும் பக்கத்துக்கு ஒன்றரை மீற்றர் காப்பெற் (தார்க்கலவை) போட்ட ஓரம். சைக்கிளும் லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரமும் அதில் போகட்டும். அறுவடைக் காலத்தில் அந்த ஓரமெல்லாம் நெல்தான் காயும், அதனால் ஊருக்கு ஒரு காயவிடும் தளத்தையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.