எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோமா? கண்டுபிடிக்க நாலு வழிகள்

ஒரு நிறுவனத்தில் இருப்பவர்கள் தங்கள் வேலையை ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார்களா என்ற கேள்வி பெரும்பாலும் ஏதாவது தப்பு நடந்த பிறகுதான் எழும். சரக்கு திரும்பி வரும். அல்லது ஒரே வேலையை இரண்டு துறைகள் செய்து வைத்திருக்கும், இன்னொரு வேலையை யாருமே செய்திருக்க மாட்டார்கள். உடனே "கம்யூனிகேஷன் சரியில்லை" என்று ஒரு தீர்ப்பு, அப்புறம் ஒரு மீட்டிங். முதலாளி பேசுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலை வைத்து எதையும் அளக்க முடியாது என்பதால் மீட்டிங்கை இந்த அலசலில் சேர்க்கவில்லை.

மிச்சமிருப்பவை நாலு: கேள்விப் படிவம், வேலை ஓட்டத்தைச் சுவரில் வரைவது, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது, ஒரே விவகாரத்தை ஆளாளுக்குத் தனியாகத் தீர்க்கச் சொல்வது. உதாரணத்துக்கு ஒரு திருப்பூர் பனியன் கம்பெனியை வைத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசர் (வாங்குபவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவர்), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஓர் ஆர்டர் கை மாறிக்கொண்டே போகிற இடம். கை மாறும் இடங்களில்தான் புரிதல் பிசகும்.

படிவத்தில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எச்.ஆர். ஆட்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். உலகம் முழுக்கப் புழங்கும் கேலப் நிறுவனத்தின் 12 கேள்விப் பட்டியலில் முதல் வாசகமே, வேலையில் என்னிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று எனக்குத் தெரியும் என்பதுதான். 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். செலவு குறைவு, ஐந்நூறு பேரிடம் ஒரே நாளில் வாங்கிவிடலாம், பெயர் போடத் தேவையில்லை, போன வருடத்தோடு ஒப்பிடலாம். ஆனால் அது அளப்பது அவரவர் தன்னம்பிக்கையை. லேசான ஷேட் (நிற அழுத்தம்) வித்தியாசம் இருந்தால் துணியை நிறுத்த வேண்டும் என்று நினைக்கும் கட்டிங் மாஸ்டரும், ஷிப்மென்ட் தேதிதான் முக்கியம், வெட்டித் தள்ளு என்று நினைக்கும் சூப்பர்வைசரும் இருவருமே 5 போடுவார்கள். இரண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது. சராசரி பிரமாதமாக வரும், ஆர்டரைக் கோட்டை விடுவோம். என் கணக்கில் படிவத்தில் மதிப்பெண் குறைவாக வந்தால் நம்பலாம், அதிகமாக வந்தால் நம்பக் கூடாது. குறைந்தால் குழப்பம் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

சுவரில் வரைவது இதைவிட எவ்வளவோ மேல். டொயோட்டா வழியில் வந்த பழக்கம் இது. நீளமான பழுப்புத் தாளை ஒட்டி, ஆர்டர் வருவதில் இருந்து பெட்டி லாரி ஏறுவது வரை ஒவ்வொரு கட்டத்தையும் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டே போவது. "சாம்பிள் அப்ரூவல் வந்த பிறகுதான் துணி ஆர்டர் போடுவோம்" என்று ஒருவர் ஒட்டும்போது, "எங்கே சார், அதற்கு முன்னாடியே போட்டுவிடுகிறோமே" என்று இன்னொருவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே தாள் வாங்கலாம். சிக்கல் என்னவென்றால், பேனா யார் கையில் இருக்கிறதோ அவருடைய ஓட்டம்தான் சுவரில் ஏறும். ஜி.எம். வரைந்தால் யார் மறுத்துப் பேசுவார்கள்? நடப்பதற்குப் பதிலாக நடக்க வேண்டியது அழகாக வரையப்பட்டு, போட்டோ எடுக்கப்பட்டு, ஆடிட் ஃபைலுக்குள் போய்விடும். துறை துறையாகத் தனியே வரையச் சொல்லிவிட்டு, கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இந்தக் குறை பாதி தீரும். ஆனால் முக்கியமான ஆட்கள் எல்லோரையும் ஒன்றிரண்டு நாள் வேலையில் இருந்து விடுவிக்க வேண்டும். சீசனில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

திருப்பிச் சொல்ல வைப்பது, உயிர் சம்பந்தப்பட்ட தொழில்களில் ஊறிய முறை. அதன் பலமும் பலவீனமும் ஒரே சம்பவத்தில் தெரியும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவு. மூடுபனிக்குள் கேஎல்எம் விமானத்தின் துணை விமானி, கட்டுப்பாட்டுக் கோபுரம் கொடுத்த பறப்பு வழியை முறைப்படி திருப்பிச் சொன்னார். கூடவே, நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சேர்த்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதையும் அப்படிச் சொல்லலாம், ஓடத் தயாராக நிற்கிறோம் என்பதையும் அப்படிச் சொல்லலாம். கோபுரத்தில் இருந்தவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். அதை அடுத்து அவர் சொன்ன "காத்திருங்கள்", அதே நொடியில் பான் ஆம் விமானமும் பேசியதால் இரைச்சலில் அடிபட்டுப் போனது. பான் ஆம் அதே ஓடுபாதையில்தான் இருந்தது. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, உண்மையான அனுமதி தரும்போது தவிர மற்ற நேரங்களில் டேக்-ஆஃப் என்ற சொல்லே வரக் கூடாது என்று வான்வழிப் பேச்சுமுறையை மாற்றினார்கள்.

ஆகவே திருப்பிச் சொல்வது மட்டும் போதாது, சொல்லும் வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் இது நன்றாக வந்திருக்கிறது. கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று நோயாளி யார், எந்த இடம், என்ன சிகிச்சை என்று வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆனது. பனியன் கம்பெனியில் இதற்குச் சரியான இடம் வெட்டுக்கு முந்தைய பிபி மீட்டிங் (உற்பத்திக்கு முன் கூடிப் பேசுவது). அங்கே வழக்கமாக மெர்ச்சண்டைசர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அதைத் தலைகீழாக்கி லைன் சூப்பர்வைசரைச் சொல்லச் சொன்னால் போதும். இருந்தாலும் இது அன்றைய ஆர்டரைக் காப்பாற்றும் மருந்து. கம்பெனி முழுக்கப் புரிதல் எப்படி இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

நாலாவது வழிக்குத்தான் என் ஓட்டு. புரிந்ததா என்று கேட்காதீர்கள். ஒரு விவகாரத்தைக் கொடுங்கள், ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்காமல் முடிவு எழுதட்டும், அப்புறம் முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சென்னை ஐ.டி. ஆட்களுக்கு இதன் தம்பி முறை பழக்கம்தான்: 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதிய பிளானிங் போக்கர். ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவார்கள். ஒருவர் 3, இன்னொருவர் 13 என்றால் பெரும்பாலும் இருவரும் மனதில் வைத்திருப்பது வேறு வேறு வேலை. அந்த இரண்டு பேரையும் பேச விட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

பனியன் கம்பெனியில் இப்படிச் செய்யலாம். 5,000 பீஸ் ஆர்டர், பையர் (சரக்கை வாங்குபவர்) கேட்பது ஏக்யூஎல் 2.5, அதாவது குறை எவ்வளவு வரை இருந்தால் ஏற்கலாம் என்ற வரம்பு. வழக்கமான பொது ஆய்வு நிலையில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை உள்ளவை 10 வரை இருந்தால் பாஸ், 11 வந்தால் லாட் ஃபெயில். இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எது பெரிய குறை? கழுத்துப் பட்டியில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை, பக்கத் தையலில் ஓர் இடத்தில் விட்டுப்போன தையல், உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், பிரிண்டில் ஒரு மில்லிமீட்டர் விலகல். இந்த மாதிரி முப்பது பீஸ்களில் எண் ஒட்டி மேசையில் பரப்புங்கள். மெர்ச்சண்டைசர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் பெண்கள், பேக்கிங் பொறுப்பாளர் என ஒவ்வொருவராக வந்து பாஸ், ஆல்ட்டர் (சரிசெய்யத் திருப்பி அனுப்புவது), ரிஜெக்ட் என்று பிரிக்கட்டும். எழுதக்கூடத் தேவையில்லை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்தவர்கள் பாதிப் பேர் இருக்கும் தளத்தில், தமிழ்ப் படிவத்தையோ ஆங்கிலப் படிவத்தையோ நீட்டுவதை விட இது எவ்வளவோ நியாயம்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் இதையே முறையாகச் செய்கின்றன. வழக்கமான வடிவம் 50 பாகங்கள், மூன்று பரிசோதகர்கள், ஒவ்வொருவரும் மூன்று முறை. முடிவைக் கப்பா என்ற எண்ணில் சொல்வார்கள். 0.75க்கு மேல் என்றால் நல்ல ஒற்றுமை, 0.40க்குக் கீழே என்றால் மோசம். வெறும் சதவீதம் ஏன் ஆகாது? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பீஸ் நல்லதாக இருக்கும் தளத்தில், இரண்டு செக்கர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் பாஸ் போட்டாலும் 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். அந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுத்தான் கப்பா பேசுகிறது. அதனால்தான் மேசையில் நல்ல பீஸ்களை மட்டும் அடுக்காமல், இரண்டுங்கெட்டான் பீஸ்களைத் தாராளமாகக் கலக்க வேண்டும்.

ஆபீஸ் பக்கத்துக்கு எழுத்து விவகாரங்கள் போதும். "வெள்ளிக்கிழமை மாலை, பையர் ஒப்புக்கொண்ட ஷேடை விட துணியின் நிறம் லேசாகக் கூடியிருக்கிறது, திங்கள் ஷிப்மென்ட். யாரைக் கேட்பீர்கள், அதுவரை வெட்டுவீர்களா?" பதில்களில் நாலு பேர் நாலு பெயரைச் சொல்லியிருந்தால், அந்த முடிவுக்கு இதுவரை சொந்தக்காரர் யாருமில்லை என்பது தெரிந்துவிடும்.

இதற்கும் குறைகள் உண்டு. பரீட்சை மாதிரி இருப்பதால் ஆட்கள் பயப்படுவார்கள், முதலாளிக்குப் பிடித்த பதிலை யூகித்து எழுதுவார்கள். நல்ல விவகாரம் தேர்ந்தெடுக்க தளத்தின் சங்கதிகள் தெரிந்த ஆள் வேண்டும்; வெளியில் இருந்து வரும் கன்சல்டன்ட் பொதுவான கேள்வி கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இன்னொன்று, எல்லா வித்தியாசமும் கோளாறு அல்ல. பையர் கொடுக்கும் விலை கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டுமா என்ன? ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்குப் போகும் விஷயங்களில் மட்டும் வித்தியாசத்தைத் தேடினால் போதும்.

படிவத்தை ஏற்கெனவே வருடாவருடம் வாங்குகிறீர்கள் என்றால் வாங்கிக்கொண்டே இருங்கள், மதிப்பெண் குறைந்த துறையை மட்டும் கவனியுங்கள். பீஸ் பிரிக்கும் சோதனைக்கு ஒரு மதியம் போதும், அதில் வித்தியாசம் பெரிதாக வந்த இடத்துக்கு மட்டும் சுவர்த் தாளை ஒட்டுங்கள். பெயர் எழுத வேண்டாம், துறை போதும். முதலாளியும் ஜி.எம்.மும் அதே முப்பது பீஸ்களைப் பிரிக்க வேண்டும், அதுவும் மற்றவர்களுக்கு முன்பே. அவர்கள் இருவருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால், செக்கிங் டேபிளுக்குப் போவதை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்.