ஈர்ப்பலைத் திறந்த அறிவியல் மையத்தின் நிகழ்வு அட்டவணை: ஒரு பயனரின் மதிப்பீடு

கருந்துளைகள் போன்றவை இணையும்போது வெளியில் எழும் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பலைகளைப் பதிவுசெய்யும் லைகோ, விர்கோ, காக்ரா உணர்கருவிக் கூட்டமைப்புகளின் தரவுகளை எல்லோருக்கும் வழங்கும் ‘ஈர்ப்பலைத் திறந்த அறிவியல் மையம்’ என்னும் இணையச் சேவையை, ஒன்றோடொன்று இணையும் கருந்துளைகள் ஒரு கூட்டமாக எப்படிப்பட்டவை என்று அறிந்துகொள்ளும் நோக்கத்தோடு சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை.

தனித்தனி நிகழ்வுகளைப் பொறுத்தவரை இந்தச் சேவையில் குறை சொல்ல ஏதுமில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் நிகழ்வைத் திறந்தால், பெரிய கருந்துளையின் நிறை 35.6 சூரிய நிறை என்பதோடு, அது 4.7 கூடவோ 3.1 குறையவோ கூடும் என்னும் வரம்பும் (உண்மை மதிப்பு அதற்குள் இருக்க 90 விழுக்காடு வாய்ப்பு) அருகிலேயே இருக்கிறது. 32 வினாடி நீளமுள்ள அலைத்தரவை இறக்கி, தளத்திலுள்ள பைத்தான் பயிற்சியின்படி இரைச்சலை வடிகட்டினால், ஏறத்தாழ 0.2 வினாடிக்குள் 35 ஹெர்ட்சிலிருந்து 250 ஹெர்ட்சுக்கு ஏறும் அந்த ஈர்ப்பலைக் ‘கீச்சொலி’ சாதாரண மடிக்கணினியின் திரையிலேயே தெரிகிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது காப்பி ஆறிப்போனதைக் கூட நான் கவனிக்கவில்லை.

கூட்டத்தின் இயல்பைத் தேடுபவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூட்டமைப்பு அவ்வப்போது வெளியிடும் நிகழ்வுத் தொகுப்புகளில் மூன்றாம் தொகுப்புவரை 90 நிகழ்வுகள் இருந்தன. 2025-இல் வந்த நான்காம் தொகுப்பு மேலும் 128 நிகழ்வுகளைச் சேர்த்தது. இவ்வளவு எண்கள் ஒரே அட்டவணையில் கிடைக்கும்போது, நிறைகளை அப்படியே பட்டை வரைபடமாக்கிப் பார்க்கத்தான் எவருக்கும் கை துடிக்கும். நானும் அதைத்தான் செய்தேன். 30 முதல் 40 சூரிய நிறை வரையிலான பகுதியில் கூட்டம் மிகுந்திருக்கக் கண்டு, பிரபஞ்சத்தில் அத்தகைய கருந்துளைகளே அதிகம் என்று நம்பியும் விட்டேன். பிழை என்னுடையது. கனமான இணைகளின் அலை வலிமையானது என்பதால் அவை வெகு தொலைவிலிருந்தும் கேட்கின்றன: இரண்டு 30 சூரிய நிறைக் கருந்துளைகளின் இணைவை, இரண்டு 10 சூரிய நிறைக் கருந்துளைகளின் இணைவைவிடத் தோராயமாக 15 மடங்கு பெரிய கன அளவுக்குள் உணர முடியும். இந்தச் சார்பைக் கழித்த பிறகு மூன்றாம் தொகுப்பின் ஆய்வு காட்டும் படமே வேறு: மிக உயரமான முகடு 10 சூரிய நிறைக்கு அருகில் இருக்கிறது, 35-க்கு அருகில் இருப்பது அதைவிடச் சிறிய இரண்டாம் முகடு. திருத்தத்துக்குத் தேவையான செயற்கைச் சமிக்ஞைக் கோப்புகளையும் (எவ்வகை இணைவுகள் எந்த அளவுக்குக் கண்டறியப்படும் என்று சோதிக்க உருவாக்கிய போலிச் சமிக்ஞைகள்) கூட்டமைப்பு பொதுவில் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவை இந்த அட்டவணைக்குள் இல்லை, தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அட்டவணையின் தலைப்பிலேயே இதைப் பற்றி ஒரு வரி இருந்தால் புதியவர்களுக்கு உதவும்.

பதிப்புகளையும் கவனிக்க வேண்டும். 2019 மே 21 அன்று பதிவான புகழ்பெற்ற நிகழ்வில், பெரிய கருந்துளையின் நிறை முதல் அறிக்கையில் 85 சூரிய நிறை. பின்வந்த தொகுப்புகளில் அது 90-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு கனமான கருந்துளை ஒற்றை விண்மீனின் இறப்பிலிருந்து நேரடியாகத் தோன்றியிருக்குமா என்பதே விவாதமாக இருக்கையில், எந்தப் பதிப்பின் எண்ணை எடுத்தோம் என்று எழுதிவைப்பது அவசியம். போதாக்குறைக்கு, அதே நாளில் இன்னொரு கருந்துளை இணைவும் பதிவானது. பெயரில் பின்னால் வரும் நேர இலக்கங்களைக் கொண்டுதான் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

தற்சுழற்சியைப் பொறுத்தவரை அட்டவணையில் கிடைப்பது, இரண்டு கருந்துளைகளின் சுழற்சியையும் நிறைக்கேற்பச் சேர்த்துச் சுற்றுப்பாதை அச்சின் திசையில் அளந்த ஒற்றை எண் மட்டுமே. பெரும்பாலான நிகழ்வுகளில் அது பூச்சியத்தை ஒட்டியே நிற்கிறது, வரம்புகளும் அகலமானவை. ஒவ்வொரு கருந்துளையின் சுழற்சியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க விரும்புவோர், அட்டவணையை மூடிவிட்டு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியே வெளியிடப்பட்டுள்ள பெரிய மாதிரிக் கோப்புகளை (நிறை, சுழற்சி போன்றவற்றுக்குச் சாத்தியமான மதிப்புகளின் நீண்ட பட்டியல்களை) இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.