வளாகத்தில் கவர்: தடையா, கட்டணமா, கடன் பையா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப்பைக்கு, அதாவது கவருக்கு, தடை இருக்கிறது. எத்தனை மைக்ரான் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தத் தடிமனிலும் கூடாது. அப்படியிருந்தும் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் தனித் தடை பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது. காரணம், கவர் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. எந்த விடுதியிலும் ராத்திரி பத்து மணிக்குக் குப்பைத்தொட்டியை எட்டிப் பாருங்கள். பரோட்டா பார்சல் வந்த கவர், அதற்குள் ரப்பர் பேண்ட் சுற்றிய சால்னா கவர், வெங்காயத்துக்குத் தனியாக ஒன்று. ஒருவர் சாப்பிட்ட ஒரு வேளைக்கு மூன்று கவர்.

சென்னை ஐஐடி வளாகம் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியது. புள்ளிமானும் வெளிமானும் அங்கே கட்டடங்களுக்கு நடுவே மேய்கின்றன. இறந்த மான்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது தெரியவந்து, விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சால்னா ஒட்டிய கவரில் உப்பும் உணவு வாசனையும் இருப்பதால் மான் அதை அப்படியே தின்றுவிடுகிறது. அசைபோடும் விலங்குக்கு அது செரிக்கவும் செரிக்காது, வெளியேயும் போகாது. இரைப்பையில் உருண்டு திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த நிலையிலேயே அது பட்டினியால் சாகும். மான் இல்லாத ஊரில் இதே கதி மாட்டுக்கு.

சரி, வளாகத்தில் என்ன செய்யலாம்? முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது வாயிலில் சோதனை. காவலாளி பையைத் திறந்து பார்த்து கவரைப் பிடுங்குவார். எனக்கு இதில் உடன்பாடில்லை. மாணவர் கவரைக் கேட்டு வாங்குவதில்லை, கடைக்காரர் பொருளைப் போட்டு நீட்டுகிறார். தடை விழ வேண்டிய இடம் கடையின் கல்லாப்பெட்டி. பங்களாதேஷ் 2002-இலேயே, உலகில் முதல் நாடாக, மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. டாக்காவின் வடிகால்களைப் பைகள் அடைத்து வெள்ளத்தை மோசமாக்கியது அதற்குக் காரணம். ஆனால் கண்காணிப்பு தளர்ந்ததும் பைகள் சந்தைக்குத் திரும்பிவிட்டன. ஒரு நாட்டுக்கு லட்சக்கணக்கான கடைகளைக் கண்காணிக்க வேண்டும். வளாகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கேன்டீன், ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை, ஸ்டோர் எல்லாமே நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு நடப்பவை. 'கவர் தந்தால் அபராதம், மூன்றாம் முறை ஒப்பந்தம் ரத்து' என்று டெண்டரிலேயே எழுதிவிட்டால், ஒரு மாணவரின் பையையும் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது கட்டணம். இதற்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அயர்லாந்து. 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வைத்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 328 ஆக இருந்த பைகள் 21 ஆகக் குறைந்தன. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியதும் 2007-இல் 22 சென்ட் ஆக்கினார்கள். விலை பழகிவிட்டால் உறைக்காது என்பதை அவர்கள் கவனித்துத் திருத்தியது முக்கியம். கலிபோர்னியாவில் நடந்தது வேறு. அங்கே மெல்லிய பையைத் தடை செய்துவிட்டு, தடித்த பிளாஸ்டிக் பையை 'மீண்டும் பயன்படுத்தத்தக்கது' என்று சொல்லி 10 சென்ட்டுக்கு விற்க விட்டார்கள். மக்கள் அதையும் ஒரே தடவையில் வீசினார்கள். குப்பைக்குப் போன பிளாஸ்டிக் பைகளின் மொத்த எடை கூடியது. அந்த ஓட்டையை அடைக்க 2024-இல் புதுச் சட்டமே தேவைப்பட்டது. நம் ஊரில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் வழியில்லை, தடை செய்த பொருளுக்குக் காசு வாங்க முடியாது. அப்படியே வழி இருந்தாலும், நூறு ரூபாய்க்கு பிரியாணி வாங்குபவருக்கு இரண்டு ரூபாய் ஒரு பொருட்டாக இருக்காது.

ஆக, தடைதான். ஆனால் தடை போட்ட மறுநாள் கையில் என்ன இருக்கும் என்பதில்தான் பெரும்பாலான வளாகங்கள் சறுக்குகின்றன. காகிதப் பை உலர்ந்த பொருளுக்குச் சரி, ஐப்பசி மழைக்கு ஆகாது. 'மக்கும்' என்று அச்சிட்ட பைகளில் பெரும்பாலானவை 58 டிகிரி அளவு வெப்பம் உள்ள தொழில்முறை உரக்கூடத்தில் மக்குவதற்காகச் செய்தவை. விடுதிக்குப் பின்னால் உள்ள குழியில் அவை கிடந்தபடி கிடக்கும். ஜவுளிக்கடையில் தரும், துணி போலத் தோன்றும் பையும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். அதுவும் 2019 தடைப்பட்டியலில் இருந்தது.

மிஞ்சுவது துணிப்பை. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் மோசமாகாமல் இருக்க, ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்த வேண்டும். மான் வயிற்றுக்குள் போகும் பிளாஸ்டிக் அந்தக் கணக்கில் வராது. ஆகவே பிளாஸ்டிக்கே மேல் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கருத்தரங்குக்கும் சின்னம் அச்சிட்ட துணிப்பையை இலவசமாக வாரிக் கொடுப்பது வீண் என்பது இதில் தெளிவு. அலமாரியில் மடித்துக் கிடக்கும் பத்துப் பைகளில் ஒன்றுகூட 131-ஐத் தொடாது.

அதனால் என் ஓட்டு கடன் பைக்கு. துணிப்பையை எந்தக் கடையில் வாங்கினாலும் இருபது ரூபாய் முன்பணம். வளாகத்தின் எந்தக் கடையில் திருப்பித் தந்தாலும் இருபது ரூபாய் கைக்கு வந்துவிட வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம், காசு போட்டால் பை தரும் இயந்திரங்களைச் சந்தைகளில் வைத்தது. நல்ல காரியம். வளாகத்தில் அதோடு பையைத் திரும்ப வாங்கும் இடமும் வேண்டும். முன்பணம் வேலை செய்யும் என்பதற்கு நீலகிரியே சாட்சி: 2022 முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்ததும் திருப்பித் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வருகின்றன.

சாம்பாருக்கும் சால்னாவுக்கும் துணிப்பை உதவாது. கேன்டீன் பார்சலுக்கு மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவை இதே முன்பண முறையில் தரலாம். பாத்திரம் கழுவக் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்படும், அந்தச் சம்பளத்தை நிர்வாகம்தான் ஏற்க வேண்டும். வெளியிலிருந்து ஆப் மூலம் வரும் உணவுக்கு வளாக விதி செல்லாது. ஆனால் வாயிலுக்கு எதிரே விடுதி மாணவர்களை நம்பியே நடக்கும் கடைகளிடம் பேச முடியும், டப்பாவை அங்கும் கொடுத்து வைக்க முடியும். கேன்டீன் ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம்தான் இதற்கெல்லாம் நேரம். டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்பே மாணவர் பேரவை கவர் அபராதம், கடன் பை, டப்பா மூன்றையும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.