ஜெர்மனியில் ஐஆர் மாஸ்டர்ஸ் என்று சொல்லி 1,85,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

கோவையில் ஒரு வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சி. பெயர் போடவில்லை, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகப் போகிறோம். தங்கைக்கு ஜெர்மனியில் சர்வதேச உறவுகள் (ஐஆர்) முதுகலை, அரசுப் பல்கலைக்கழகம், டியூஷன் ஃபீஸே கிடையாது என்று சொல்லி 1,85,000 ரூபாய் வாங்கினார்கள். இன்றுவரை ஒரு பல்கலைக்கழகத்திலும் அவள் ஃபைல் இல்லை.

ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். கவுன்சிலர் மேடம் லேப்டாப்பைத் திருப்பி, யூனி-அசிஸ்ட் (ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு) பக்கத்தில் ஐந்து பல்கலைக்கழகப் பெயர்களைக் காட்டி, "பாருங்க தம்பி, அஞ்சும் போட்டாச்சு" என்றார். பக்கம் நிஜமானதுதான். கட்டணம்தான் கட்டவில்லை. யூனி-அசிஸ்ட் பணம் வந்த பிறகுதான் விண்ணப்பத்தையே தொடும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்தவை தலா 30. ஐந்துக்கும் சேர்த்து 195 யூரோ. எங்களிடம் வாங்கியது ஒன்றுக்கு 15,000 வீதம் 75,000 ரூபாய்! அதிலிருந்து அந்த 195 யூரோவைக் கட்டக்கூட மனசு வரவில்லை.

ஏபிஎஸ் சான்றிதழுக்கு (நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மனிக்குக் காட்டுவது) 25,000 வாங்கினார்கள், உண்மைக் கட்டணம் 18,000. அதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். மீதி 85,000 'பேக்கேஜ்'. அந்தப் பேக்கேஜில் எழுதிய எஸ்ஓபியை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதத்தை, போன வாரம்தான் கண்ணில் காட்டினார்கள். ஐஆர் படிக்கப் போகிறவளின் கடிதத்தில் இரண்டாவது பாராவில் 'சப்ளை செயின் மீது எனக்குள்ள ஆர்வம்' என்று இருக்கிறது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று. தங்கை படித்தது பி.ஏ. பொருளாதாரம். அங்கே ஐஆர் முதுகலையில் பல இடங்களில் அரசியல் அறிவியல் சார்ந்த பாடங்களில் இத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் புள்ளி) வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். பேப்பர் வாரியாக சிலபஸ் கொடுத்தால்தான் நம் மார்க்‌ஷீட்டில் எது அதில் சேரும் என்று காட்ட முடியும். சிலபஸ் என்ற வார்த்தையையே இவர்கள் ஒருநாளும் எடுக்கவில்லை. ஒழுங்காகப் பணம் கட்டி அனுப்பியிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ.

மே மாதம் கேட்டால் "ஜெர்மனில லீவு சீசன் தம்பி". ஜூனில் "மேடம் வந்ததும் கூப்பிடுவாங்க". கடைசித் தேதி என்று அவர்கள் சொன்ன ஜூலை 15 தாண்டியதும் தானாகவே போன் வந்தது: "பப்ளிக்ல சீட் ஃபுல், பிரைவேட்ல ஆஃபர் லெட்டர் ரெடியா இருக்கு". அந்தத் தனியார் கல்லூரிக்கு ஃபீஸ் ஆயிரக்கணக்கில் யூரோ. அரசுப் பல்கலைக்கழகம் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தராது, பிரைவேட் தரும். மொத்த நாடகமும் இதற்குத்தான்.

சந்தேகம் வந்து ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் நேராக மெயில் போட்டோம். மூன்று பதில் சொன்னார்கள், மூன்றும் ஒன்றுதான்: இந்தப் பெயரில் விண்ணப்பம் வரவில்லை. அதை நீட்டி 1,85,000-ஐத் திருப்பிக் கேட்டால், "ரசீது பின்னாடி பாருங்க, நான்-ரீஃபண்டபிள்". இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: யூனி-அசிஸ்ட், ஏபிஎஸ் கணக்கை உங்கள் சொந்த மெயில் ஐடியில் நீங்களே திறங்கள். எங்கள் கணக்கு அவர்கள் ஐடியில் இருக்கிறது, பாஸ்வேர்டு இன்னும் தரவில்லை. கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதியைப் பல்கலைக்கழகப் பக்கத்தில் பாருங்கள், ஜூலை 15 என்று இவர்கள் சொல்வதை நம்பாதீர்கள், பல முதுகலைகளுக்கு அதற்கு முன்பே முடிந்துவிடும். 'ஃபீஸ் இல்லை' என்றால் எந்த மாநிலம் என்று கேளுங்கள், பாடன்-வூர்ட்டம்பெர்கில் நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. ப்ளாக்டு அக்கவுண்ட்டுக்கான (விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் கணக்கு) 11,904 யூரோவை "எங்க கிட்ட கொடுங்க, நாங்க போட்டுடறோம்" என்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். கொடுக்காதீர்கள்.